லெசோத்தோ: ஒரே ஒரு பக்கத்து நாடு மட்டும் உள்ள மலை நாடு

தென்னாப்பிரிக்காவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வலது பக்கம், கொஞ்சம் கீழே, யாரோ ஒரு துண்டை வெட்டி எடுத்தது போல ஓர் ஓட்டை தெரியும். அந்த ஓட்டைதான் லெசோத்தோ. பரப்பளவு 30,355 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட பெல்ஜியம் அளவு. மக்கள்தொகை 2016 கணக்கெடுப்பில் 20 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. எந்தத் திசையில் நடந்தாலும், எந்த எல்லையைத் தாண்டினாலும், கால் வைப்பது தென்னாப்பிரிக்காவில்தான். உலகத்தில் இப்படி முழுக்க முழுக்க இன்னொரு நாட்டுக்குள் அடங்கிய நாடுகள் மூன்றுதான்: வாடிகன், சான் மரினோ, லெசோத்தோ. முதல் இரண்டும் இத்தாலிக்குள் இருக்கும் மிகச் சிறிய இடங்கள். ஒரு முழு நாடு என்று சொல்லத்தக்க அளவில் இப்படி மாட்டிக்கொண்டு இருப்பது லெசோத்தோ மட்டும்தான்.

கடல் இல்லாத மலை நாடு என்றதும் எல்லோரும் "துறைமுகம் இல்லை, அதனால் ஏழை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லை, ஆனால் சுற்றி ஐந்து நாடுகள் இருக்கின்றன. பொலிவியாவுக்கும் ஐந்து. நேபாளத்துக்கு இரண்டு, ஒருவர் கதவை மூடினால் இன்னொருவர் கதவைத் தட்டிப் பார்க்கலாம். லெசோத்தோவுக்கு இருப்பது ஒரே ஒரு பக்கத்து வீடு. அரிசியோ பெட்ரோலோ மருந்தோ, உள்ளே வருவது எல்லாம் அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். இந்த நாட்டின் 200 ஆண்டுக் கதையை இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு படித்தால்தான் ஒழுங்காகப் புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் மலை. இந்த நாட்டில் இருப்பதிலேயே தாழ்வான இடம் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த நாட்டின் தாழ்வான இடமும் இவ்வளவு உயரத்தில் இல்லை. ஒரு அங்குலம் விடாமல் முழு நாடும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரே நாடு இதுதான். உச்சி தபானா ந்த்லென்யானா, 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் அதைவிட உயரமான சிகரம் கிடையாது. ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம், மேட்டு நிலங்களில் பனி கொட்டும், ஊர்களுக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடக்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைப்பவர்களுக்கு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு குதிரையில் பனிக்குள் போகும் ஆளின் படம் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். லெசோத்தோவில் அது அன்றாடக் காட்சி.

பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். நாம் சொல்லுக்குப் பின்னால் விகுதி சேர்ப்போம், அவர்கள் முன்னால் சேர்ப்பார்கள். நாடு லெசோத்தோ, மொழி செசோத்தோ, ஒருவர் என்றால் மொசோத்தோ, பலர் என்றால் பசோத்தோ. எழுத்தில் 'சோத்தோ' என்று இருந்தாலும் அவர்கள் வாயில் அது 'சூட்டு' என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும்.

சரி, இந்த நாடு எப்படி உண்டானது? 1786 வாக்கில் ஒரு சின்னத் தலைவருக்கு மகனாகப் பிறந்த லெபோக்கோவிலிருந்து தொடங்க வேண்டும். இளவயதில் பக்கத்துத் தலைவர் ஒருவரின் மாடுகளை ஒட்டுமொத்தமாக ஓட்டிக்கொண்டு வந்தாராம், தாடியைச் சவரக்கத்தியால் மழித்தெடுத்தது போல. கத்தி தோலில் உரசும்போது வரும் 'ஷ்வே ஷ்வே' என்ற ஓசையே அவருக்குப் பெயராகிப்போனது: மொஷ்வெஷ்வே. அந்த ஓசைதான் பின்னால் ஓர் அரச வம்சத்தின் பெயராக நின்றது.

1820களில் தென்னாப்பிரிக்காவின் உள்நாடு முழுக்கப் போர், பஞ்சம், இடப்பெயர்வு. செசோத்தோவில் இதை லிஃபகானே என்பார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் ஓடினார்கள், மாடும் தானியமும் பறிபோயின, பசியில் மனிதரை மனிதர் தின்றதாகவும் சொல்லப்படுகிறது. 1824இல் மொஷ்வெஷ்வே தன் ஆட்களோடு தபா பொசியு என்ற மலைக்கு வந்து சேர்ந்தார். உச்சி மேசை போலத் தட்டையானது, சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர், மேலே ஏற ஒரு சில கணவாய்கள்தான். மேலே போய்விட்டால் புல் இருக்கிறது, ஊற்று இருக்கிறது, மாடுகளோடு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். தபா பொசியு என்றால் 'இரவின் மலை'. அவர்கள் வந்து சேர்ந்தது இரவில் என்பதால் அந்தப் பெயர். பகலில் சின்னதாகத் தெரியும் இந்த மலை இரவில் வளர்ந்துவிடும் என்று எதிரிகளை நம்பவைத்திருந்தார்கள்.

வரும் வழியில் அவருடைய தாத்தா பீட்டேயை மனிதரைத் தின்னும் கூட்டம் ஒன்று பிடித்துத் தின்றுவிட்டது. பிறகு அந்தக் கூட்டம் மொஷ்வெஷ்வே கையில் சிக்கியபோது கொன்றுபோடச் சொல்லி ஆட்கள் கொதித்தார்கள். அவரோ, என் தாத்தா இவர்கள் வயிற்றில்தான் இருக்கிறார், இவர்களே அவருடைய கல்லறை, கல்லறையை யாரும் இடிப்பதில்லை என்று சொல்லி, அவர்களுக்கு மாடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பது பசோத்தோ மக்கள் இன்றும் சொல்லும் கதை. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்பது இருக்கட்டும். ஒரு நாட்டு மக்கள் தங்கள் தொடக்கக் கதையாக ஒரு படையெடுப்பைச் சொல்லாமல் இதைச் சொல்கிறார்கள், அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1831இல் ந்தெபெலே என்ற இனத்தாரின் படை மலையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியபோதும், பசியோடு வந்திருப்பீர்கள், வழியில் சாப்பிடுங்கள் என்று மாடுகளை அனுப்பிவைத்தவர் அவர். அந்தப் படை அதற்கப்புறம் வரவே இல்லை.

1833இல் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் பாதிரியார்கள் வந்தார்கள். மொரிஜா என்ற ஊரில் சபை வைத்தார்கள், பள்ளியும் அச்சகமும் பின்னாலேயே வந்தன, செசோத்தோ ஆப்பிரிக்காவில் சீக்கிரமே அச்சேறிய மொழிகளில் ஒன்றானது. மொஷ்வெஷ்வேக்கு அவர்களால் கிடைத்த பெரிய லாபம் வேறு. வெள்ளைக்காரர்கள் எப்படி யோசிப்பார்கள், யாருக்கு யாரோடு பகை, யாருக்கு எப்படிக் கடிதம் எழுதவேண்டும் என்பது தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே கிடைத்தார்கள்.

அது சீக்கிரமே தேவைப்பட்டது. மேற்கே ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்று தனிக் குடியரசு அமைத்திருந்த போயர்கள், அதாவது டச்சு வழி வந்த வெள்ளை விவசாயிகள், கலிடான் ஆற்றங்கரையின் நல்ல வண்டல் நிலத்தின் மேல் கண் வைத்தார்கள். 1858இல் ஒரு போர். 1865இல் அடுத்தது. அந்தப் போரில் தபா பொசியுவின் கணவாயில் ஏற முயன்ற போயர் தளபதி லோவ் வெப்பனர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார், மலை விழவில்லை. ஆனால் கீழே இருந்த பயிரை எல்லாம் போயர்கள் கொளுத்தினார்கள். மலை மேலே இருப்பவரும் கீழே விளைவதைத்தானே சாப்பிட வேண்டும்? வேறு வழி இல்லாமல் பிரிட்டனின் பாதுகாப்பைக் கேட்டார் மொஷ்வெஷ்வே. 1868 மார்ச் 12 அன்று அது கிடைத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் போயர்களும் உட்கார்ந்து எல்லைக்கோடு போட்டார்கள், கலிடானுக்கு மேற்கே இருந்த விளைநிலம் முழுக்க அந்தப் பக்கம் போனது. 1870இல் மொஷ்வெஷ்வே இறந்தார்.

இந்த எல்லைக்கோடு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சமவெளி, மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் பெரிய பெரிய பண்ணைகள். இந்தப் பக்கம் மலைச்சரிவில் சின்னச் சின்னத் துண்டு நிலம், மழை அறுத்து அறுத்து உண்டாக்கிய ஆழமான ஓடைப் பள்ளங்கள். நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு கூட உழவுக்கு ஆகாது. அந்த இழப்பை மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2023இல்கூட ஃப்ரீ ஸ்டேட் எங்கள் நிலம் என்று லெசோத்தோ நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் விவாதத்துக்கு வந்தது.

இன்னொரு திருப்பம் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. 1871இல் பிரிட்டன் இந்த நாட்டை, தென்முனையில் இருந்த தன் கேப் காலனியோடு சேர்த்துவிட்டது. 1880இல் கேப் அரசு, கறுப்பின மக்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்றது. வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்துக் கூலிக்காசில் வாங்கிய துப்பாக்கிகள் அவை. பசோத்தோ மக்கள் கொடுக்க மறுத்துச் சண்டை போட்டார்கள், மலைக்குள் வந்த குதிரைப்படையால் அவர்களை அடக்க முடியவில்லை. செலவு தாங்காமல் கேப் அரசு கையை விரித்தது, 1884இல் நாடு மறுபடி லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனது. இது நடக்காமல் இருந்திருந்தால்? 1910இல் கேப்பும் மற்ற மூன்று காலனிகளும் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆனபோது, இந்த நிலமும் தானாகவே அதற்குள் போயிருக்கும், பின்னால் நிறவெறி அரசு கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த இடங்களில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். துப்பாக்கியைக் கொடுக்க மறுத்த அந்தச் சண்டைதான் இன்று ஐ.நா.வில் லெசோத்தோ என்ற பெயர்ப் பலகை இருப்பதற்குக் காரணம் என்பது என் கருத்து.

1966 அக்டோபர் 4 அன்று விடுதலை. அப்போது அந்த ஒரே பக்கத்து வீட்டில் நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்தது. அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு லெசோத்தோ இடம் கொடுத்தது. 1982 டிசம்பர் 9 நள்ளிரவில் தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி வந்து தலைநகர் மசேருவில் வீடு வீடாகப் புகுந்து 42 பேரைக் கொன்றது, அதில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. 1986 ஜனவரியில் எல்லையை அடைத்தார்கள். மூன்றே வாரத்தில் எரிபொருளும் சாப்பாட்டுச் சாமான்களும் தட்டுப்பட, ஜனவரி 20 அன்று ராணுவம் பிரதமர் லெபுவா ஜோனத்தனைக் கவிழ்த்தது. உடனே எல்லை திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று, அந்த ராணுவ ஆட்சியோடு தென்னாப்பிரிக்கா ஓர் ஒப்பந்தம் போட்டது. தண்ணீர் ஒப்பந்தம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், தங்கம் கிடைத்ததால் உண்டான ஊர், ஆற்றங்கரையில் வளர்ந்த ஊர் இல்லை. பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் கிடையாது, ஆனால் அந்த நாட்டின் தொழில் வளமே அங்கேதான். லெசோத்தோவின் மேட்டு நிலத்தில் மழையும் பனியும் நிறைய, சேறும் புல்லுமாகப் பஞ்சு போல நீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் சதுப்புகள் நிறைய. ஆரஞ்சு ஆறு பிறப்பது இங்கேதான், அவர்கள் அதை செங்கூ என்பார்கள். அது தன் போக்கில் தெற்காகவும் மேற்காகவும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கில் விழுகிறது. அந்தத் தண்ணீரை வடக்கே திருப்பி, மலையைக் குடைந்து, ஜோகன்னஸ்பர்க் பக்கம் அனுப்புவதுதான் திட்டம். 185 மீட்டர் உயரக் கட்சே அணை 1996இல் கட்டி முடிந்தது. அங்கிருந்து 45 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் முஎலா மின் நிலையத்துக்கு, அதிலிருந்து இன்னும் 37 கிலோமீட்டர் சுரங்கம் எல்லைக்கு அப்பால். பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே இறங்குகிறது. 2000களின் தொடக்கத்தில் 145 மீட்டர் உயரத்தில் மொஹாலே அணையும் சேர்ந்தது. ஆண்டுக்கு 78 கோடி கன மீட்டர் அளவுக்குத் தண்ணீர் போகிறது, அதற்கு லெசோத்தோ அரசுக்கு ராயல்டி வருகிறது.

ராயல்டி நல்ல வருமானம், அதை மறுக்கவில்லை. முஎலா தரும் 72 மெகாவாட் நாட்டின் மின் தேவையில் ஒரு நல்ல பங்கு. அணைக்காகப் போட்ட ரோடு, முன்பு குதிரையில் மட்டுமே போன ஊர்களுக்கு பஸ்ஸைக் கொண்டுவந்தது. ஆனால் அணைக்குள் மூழ்கியது பள்ளத்தாக்குகளில் இருந்த கொஞ்சநஞ்ச நல்ல நிலம். ஏரி கண்ணுக்கு எதிரே நீலமாகக் கிடக்க, மேலே இருக்கும் ஊரின் பெண்கள் சுனையிலிருந்து தலையில் பிளாஸ்டிக் வாளி வைத்துத் தண்ணீர் சுமப்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 2019இல் வறட்சி வந்தபோது, தண்ணீர் ஏற்றுமதி செய்யும் இந்த நாடே பேரிடர் நிலையை அறிவித்தது. அப்புறம் லஞ்ச வழக்கு. திட்டத்தின் தலைமை அதிகாரி மசுபா சோலே வெளிநாட்டு நிறுவனங்களிடம் லஞ்சம் வாங்கியதாக 2002இல் தண்டிக்கப்பட்டார். அதோடு நிற்கவில்லை. கொடுத்தவர்களையும் கூண்டில் ஏற்றினார்கள், கனடாவின் ஏக்கர்ஸ், ஜெர்மனியின் லாமேயர் இரண்டு பெரிய நிறுவனங்களும் மசேரு நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆயின, உலக வங்கி ஏக்கர்ஸைத் தடைப்பட்டியலில் வைத்தது. இவ்வளவு சின்ன, ஏழை நாடு ஒன்று இதைச் செய்து காட்டியது. இந்த நாட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று, ஆனால் யாரும் சொல்வதில்லை.

தண்ணீருக்கு முன்பே கீழே இறங்கிப் போனவர்கள் மனிதர்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக லெசோத்தோ ஆண்களின் வேலை என்றால் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம்தான். 1980களின் முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். மணியார்டரில் வீடு ஓடியது. ஊரில் உழுவது, விதைப்பது, பிள்ளை வளர்ப்பது, சாவுக்கு ஏற்பாடு செய்வது எல்லாமே பெண்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் கல்யாணமான பெண் மைனர், கணவன் கையெழுத்து இல்லாமல் கடன் வாங்க முடியாது. அது மாறியது 2006இல்தான்.

இன்னொன்றும் நடந்தது. பையன்கள் ஐந்தாறு வயதிலேயே மாடு ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள், கோடையில் மேட்டு நிலத்துக் கல் குடிசையில் மாதக்கணக்கில் தனியாக இருப்பார்கள், பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அதனால் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் படித்த, உலகத்திலேயே அரிதான நாடுகளில் லெசோத்தோவும் ஒன்று.

1990களில் தங்கத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் ஆட்களைக் கழித்தன. திரும்பி வந்தவர்கள் நுரையீரலில் பாறைத் தூசியோடும் காசநோயோடும் வந்தார்கள். சிலிக்கோசிஸ் என்ற அந்தத் தூசி நோய் வந்தவர்களுக்காக 500 கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) இழப்பீட்டு உடன்பாட்டை தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஏற்றது 2019இல், அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்று பிரிந்து வாழ்ந்த வாழ்க்கையின் இன்னொரு விலை ஹெச்.ஐ.வி. பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்தத் தொற்று இருக்கிறது, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மருந்தை மலை ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததில் நாடு நிஜமாகவே முன்னேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சுரங்கம் போனதும் வந்தது தையல். 2000இல் அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரியில்லா இறக்குமதிச் சட்டம் போட்டதும், தைவான் முதலாளிகளின் கார்மெண்ட்ஸ் ஆலைகள் மசேருவிலும் மபுட்சோவேயிலும் பெருகின. ஜீன்ஸ்தான் முக்கியம். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பல ஆயிரம் குடும்பங்களின் முதல் மாதச் சம்பளம் அது. 2025 மார்ச்சில் டிரம்ப் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது லெசோத்தோவை யாரும் கேள்விப்பட்டதே இல்லாத நாடு என்றார். அடுத்த மாதமே 50 சதவீத வரி அறிவித்தார், அந்தப் பட்டியலிலேயே உச்சம் அதுதான். பிறகு 15 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் அதற்குள் ஆர்டர்கள் நின்று, ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. ஜூலையில் வேலையின்மையைக் காரணம் காட்டி அரசு பேரிடர் நிலை அறிவித்தது. யாரும் கேள்விப்படாத நாடு என்று சொன்னவர்கள் போட்டிருந்த ஜீன்ஸைக்கூட அந்தப் பெண்கள் தைத்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மற்ற வருமானங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெரினோ ஆட்டுக் கம்பளியும், அங்கோரா ஆட்டு ரோமமான மொஹேரும். மொஹேரில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்த இடம். 3,000 மீட்டருக்கு மேலே லெட்செங் வைரச் சுரங்கம், 2018இல் 910 காரட் கல் ஒன்று அங்கே கிடைத்தது. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சுங்க ஒன்றியத்திலிருந்து வரும் பங்கு, அரசின் செலவைத் தாங்கும் பெரிய தூண், அதைக் கணக்குப் பார்த்துப் பிரிப்பதும் பக்கத்து வீடுதான். அரசியல் நிம்மதியாக இருந்ததில்லை. 1970இல் தோற்ற பிரதமர் தேர்தலையே ரத்து செய்தார், 1998இல் தென்னாப்பிரிக்கப் படை உள்ளே வந்தது, கலவரத்தில் மசேருவின் கடைவீதி எரிந்தது, அப்போது அந்தப் படையினர் முதலில் ஓடிப்போய்க் காவல் நின்ற இடங்களில் ஒன்று கட்சே அணை. 2022இல் சாம் மட்டேகானே என்ற தொழிலதிபர் சில மாதங்களுக்கு முன் தொடங்கிய கட்சியோடு வந்து பிரதமரானார்.

கம்பளிப் போர்வையைப் பற்றிச் சொல்லாமல் லெசோத்தோவைப் பற்றி எழுதக்கூடாது. 1860இல் ஒரு வியாபாரி மொஷ்வெஷ்வேக்குக் கம்பளி ஒன்றைப் பரிசளித்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். குழந்தை பிறந்தால், கல்யாணம் என்றால், பையன் சடங்கு முடித்து ஆணாகத் திரும்பினால், எல்லாவற்றுக்கும் ஒரு கம்பளி. பெண்கள் நெஞ்சுக்கு நேரே ஊக்கு குத்துவார்கள், ஆண்கள் தோளில். துணியில் ஓடும் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படிதான் போர்த்த வேண்டும், அப்போதுதான் வளர்ச்சி. மக்காச்சோளக் கதிர் போட்ட டிசைன் வளமைக்கு. இந்தத் தேசிய உடையை இன்று நெய்வது ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் ரான்ட்ஃபொன்டைனில் உள்ள ஆலை.

பணமும் அப்படித்தான். லெசோத்தோவின் நாணயம் லோட்டி, பன்மையில் மலோட்டி. லோட்டி என்றால் மலை. ஒரு லோட்டிக்கு ஒரு ராண்ட் என்று மதிப்பைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மசேரு கடையில் ராண்டை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் லோட்டி சட்டப்படி செல்லாது.

இப்போது வடகிழக்கே மொகோட்லோங் மாவட்டத்தில் அடுத்த அணை எழும்பிக்கொண்டு இருக்கிறது. பெயர் பொலிஹாலி. செங்கூவும் குபேலுவும் சேரும் இடம், 160 மீட்டருக்கு மேல் உயரம், அங்கிருந்து கட்சே ஏரிக்கு 38 கிலோமீட்டர் சுரங்கம். நீர் தேங்கப்போகும் பள்ளத்தாக்கிலிருந்து குடும்பங்களை மேட்டுக்கு மாற்றுகிறார்கள், வீடு, வயல், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறார்கள், முன்னோர்களின் கல்லறைகளைக்கூடத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைக்கிறார்கள். இந்தத் தடவை மேட்டில் கட்டும் புது வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறேன்.